மிளகாய் அரைத்த மிஷின்

காலையில் எனக்கு முதலில் விழிப்பது மூக்குதான். கண் அப்புறம்தான் விழிக்கும். ஆனையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆபீஸ் போகும்போது கண்ணை மூடிக்கொண்டே யார் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். தேங்காய் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மூச்சு முட்டும் பாடி ஸ்ப்ரே என்றால் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன். ஈர வாழைநாரும் மல்லி மொட்டும் மணத்தால் பூக்கார அம்மா கூடையோடு ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

எனக்கென்று சில பிடித்தங்கள் உண்டு. அதில் யாரும் தலையிடக் கூடாது. சந்தன சோப்பைப் புதிதாக வாங்கினால் உடனே உபயோகிக்க மாட்டேன். பட்டுப் புடவைகளுக்கு நடுவில் கொஞ்ச நாள் வைத்து, புடவைக்கு அந்த வாசம் ஏறிய பிறகுதான் குளியலறைக்கு எடுத்துப் போவேன். பன்னீர் பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அதை எலுமிச்சை ஜூஸில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இன்னைக்கு ஜூஸ் நல்லாருக்கே" என்றார். நான் திட்டியதில் அந்த ருசி அவருக்கு மறந்தே போயிருக்கும். பள்ளிவாசல் தெருவில் ஒரு பாய் விற்கிற அத்தர், காது மடலுக்குப் பின்னால் ஒரு தொடுதல், அவ்வளவுதான். மல்லிகையை மொட்டாக வாங்கி சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் விரிந்த மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

இதற்கெல்லாம் ராஜா நலுங்கு மாவு. கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் வாங்கி, ரோஜா இதழும் பச்சைப்பயறும் சேர்த்து மொட்டை மாடியில் காயவைத்து மிஷினில் கொடுத்து அரைப்பேன். குளித்துவிட்டு வந்த பிறகும் உள்ளங்கையில் அந்த வாசம் இருக்கும். சாப்பிடும்போது சாம்பார் வாசத்தையும் தாண்டி அது வரும்.

என் தங்கைக்கு இதெல்லாம் கேலி. "அக்கா வாரது தெருமுனையிலயே தெரிஞ்சுரும். நாயே எந்திரிச்சு வழி விடுது" என்பாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். நான் காலேஜ் போனபோது அவள் பால்வாடி போனாள். அவளைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, கன்னத்தில் மைப் பொட்டு வைத்தது நான்தான். அவளுடைய நிறத்தை அம்மா, "மாநிறத்துக்குக் கீழ, கருப்புக்கு மேல" என்று சொல்வாள். எந்தத் தராசில் போட்டு நிறுத்தாளோ தெரியாது. எனக்கு அந்தக் கன்னம் பிடிக்கும். தடித்த, வழவழப்பான, ஒரு பருகூட வராத கன்னம். அடிக்கடி கிள்ளிவிட்டு அவளிடம் அடி வாங்குவேன்.

அப்பா போன பிறகு அம்மாவும் அவளும் திருப்பரங்குன்றத்தில் இருந்தார்கள். அவள் டிகிரி முடித்துவிட்டு டவுனில் ஒரு நகைக்கடையில் கவுண்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் வெளுத்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் வெளுத்தது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"என்னடி போடுற?"

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி நெறையக் குடிக்கிறேன்."

தண்ணீர் குடித்து வெளுக்கிறதென்றால் வைகையில் தண்ணீர் வந்த வருஷங்களில் மதுரையே வெள்ளைக்காரனாகியிருக்க வேண்டும். நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். அம்மாவோ, "வேலைக்குப் போன பின்னாடி புள்ள தெளிஞ்சுட்டா. வெயில்ல அலையாம ஏசியில நிக்கிறால்ல" என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஜாதகத்தோடு கொடுப்பதற்குப் போட்டோ எடுத்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நல்ல பையன், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினான். பையனுடைய அம்மா என் தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோதும நிறமா இருக்கா" என்றார். அம்மா பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பரம்பரையில் கோதுமை விளைந்ததே இல்லை, எள்ளும் கேழ்வரகும்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி. காலேஜில் படிக்கிறவள். அவள் ஒருத்திதான் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை, ஒன்றும் பேசவில்லை. என் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சேர்ந்து செல்ஃபி எடுத்தபோது பக்கத்தில் நின்றாள். எடுத்த படத்தைப் பார்த்ததும் தன்னை மட்டும் வெட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்பினாள். அவளுக்கு என் தங்கையின் பழைய நிறம்.

பூ வைத்து, தேதி குறித்து, மண்டபமும் பேசி முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு காலையில் அவளும் நானும் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். வெயில் ஏறவே இல்லை, அதற்குள் அவள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடினாள். விலக்கிப் பார்த்தேன். முகம் குப்பென்று சிவந்திருந்தது. தாடையைப் பிடித்துத் திருப்பினேன். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. பூனை முடி இல்லாத இடத்தில் புதிதாக முடி.

"எரியுதாடி?"

"வெயில் பட்டா மட்டும்" என்றாள். அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துக் காட்டினாள். ஒரு விரல் நீளம்கூட இல்லை. கடையில் கூட வேலை பார்க்கிற பெண் சொன்னாளாம். அங்கே பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்களாம். ட்யூபின் மேல் பொடி எழுத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இருந்தது.

"சீட்டு கேக்கலயா மெடிக்கல்ல?"

"மெடிக்கல்ல போயி சோப்புக் கேட்டாக்கூட எந்த சோப்புன்னு கேப்பாங்கக்கா. இதுக்கு ஒண்ணுமே கேக்கல. பேரச் சொன்னா எடுத்துக் குடுத்துருவாங்க."

அவளை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா ட்யூபைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். தினமும் பார்க்கிற ட்யூப் போல. "இது க்ரீம் இல்லம்மா, மருந்து. உள்ள ஸ்டீராய்டு இருக்கு. தோலை அரிச்சு மெலிசாக்கிருச்சு. சட்டுனு நிறுத்துனா முகம் திருப்பி அடிக்கும். நான் எழுதித் தர்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக் கணக்காகும். அதுவரைக்கும் வெயில் படக் கூடாது. மஞ்சள், சந்தனம், பன்னீர், பவுடர், வாசனை சோப்பு எதுவும் கிட்ட வரக் கூடாது" என்றார்.

நான் என் பிடித்தங்களைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. நான் அவளுக்குச் சீர்த்தட்டில் வைக்கவென்று சந்தன சோப்பும் அத்தரும் வாங்கி வைத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுதாகக் காது கொடுக்கவில்லை. ஸ்டீராய்டு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. டிவியில் கேட்ட சொல். எழுந்து போய் ட்யூபைப் பிடுங்கி வாசல் சாக்கடையில் வீசினாள். "பெத்த மூஞ்சி பத்தாதுன்னு மருந்து தேச்சு மூஞ்சி வாங்கினியோ?" என்று அவளை முதுகில் ஒன்று வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வெசத்தக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாகளாக்கும்?" என்றாள் அம்மா. என் தங்கையும் பயந்துபோய், டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூடத் தொட மாட்டேன் என்றுவிட்டாள்.

டாக்டர் சொன்ன மாதிரியே முகம் திருப்பி அடித்தது. அதே வாரம் கன்னமும் நெற்றியும் சிவந்து தடித்துச் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்தன. தண்ணீர் பட்டால் எரிச்சல், காற்று பட்டால் எரிச்சல். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்தாள். தலையணை உறைகூட உறுத்துகிறது என்று அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து விரித்துக் கொடுத்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்குச் செய்யத் தெரிந்தது எதையாவது தடவிவிடுவதுதான். தலைவலி என்றால் தைலம், உதடு வெடித்தால் வெண்ணெய். இப்போது தடவ ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போனபோது வேறு மருந்து தந்தார். பொறுமையாக இருக்கச் சொன்னார்.

பொறுமை எங்களுக்கு இருந்தது. மாப்பிள்ளைதான் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்தான். பாவம், ஆசையாகத்தான் வந்தான். இவள் கேமராவை அணைத்துவிட்டு, "மலைக்குக் கீழ இருக்கோம்ல, நெட்வொர்க் கிடைக்கல" என்பாள். அந்த மலை எத்தனையோ பழிகளைத் தாங்கியிருக்கும், இதையும் தாங்கியது. ஒருநாள் மாப்பிள்ளையின் தங்கச்சி குறுக்கே புகுந்து, "மதினி, கேமராவ ஆன் பண்ணுங்க, ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். அதற்கடுத்து அவர்களுடைய அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார். "புள்ளைக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டம்தான? ஏன் மூஞ்சியே காட்ட மாட்டேங்குது?" என்று கேட்டார். அம்மா ஏதேதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, போனை வைத்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்ளகிட்ட சொல்லிருவோம்டி" என்றேன் நான். "நல்ல பையனாத்தான் தெரியுறான். புரிஞ்சுக்குவான்."

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "என்னன்னுக்கா சொல்ல? நீங்க பாத்துட்டுப் போன மூஞ்சி என் மூஞ்சி இல்லன்னா?"

கட்டிலில் நழுவிக் கிடந்த புடவைத் துணியை எடுத்துத் தலையணையில் மறுபடி விரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் வாசலில் நின்று சிரித்தாள். முகம் தெளிந்திருந்தது. கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அவளும் மறைக்கவில்லை. "கல்யாணம் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் டாக்டர் சொன்னபடியே விட்டுர்றேன். சத்தியமா" என்றாள். கத்தினேன், அழுதேன், ட்யூபைப் பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தூக்கி எறிந்தால் கொப்புளம் வரும். கொடுத்தால் தோல் இன்னும் கரையும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் மிட்டாய்க்கு நீட்டுகிற மாதிரி. கொடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் நலுங்கு வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை மணையில் உட்காரவைத்து, அத்தைமார், சித்திமார் எல்லாரும் வரிசையாக வந்து கன்னத்திலும் கையிலும் காலிலும் பூசிவிடுவார்கள். பூசுகிற மாவை அக்காக்காரிதான் அரைத்துக் கொடுக்க வேண்டும். அது என் உரிமை. அவள் பிறந்ததிலிருந்தே அந்த மாவை நான் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அரைக்காமல் இருக்க முடியாது. அக்கா ஏன் அரைக்கவில்லை என்று ஊரே கேட்கும். எரியாத மாதிரி அரைக்க வேண்டும். மஞ்சளை விட்டேன். கிழங்குகளை விட்டேன். பச்சைப்பயறும் அரிசியும், வாசத்துக்குக் கொஞ்சம் ரோஜா இதழும் ஆவாரம்பூவும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மிஷினில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த பயம். மிளகாய் அரைத்த மிஷினில் குளியல் மாவை அரைத்துவிட்டால் பூசிக்கொண்டவர் பாடு திண்டாட்டம்தான். அதனால் முதலில் குருணை அரிசியைப் போட்டு ஓடவிட்டு, அந்த மாவைக் கீழே கொட்டி, இன்னொரு தடவையும் குருணை போட்டு, கல்லைத் துடைக்கச் சொல்லி, அப்புறம்தான் என் சாமானைக் கொடுத்தேன். மிஷின்காரர் கடுப்பாகிவிட்டார். இருக்கட்டும். மாவை அள்ளி முதலில் என் முகத்திலேயே பூசிப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது.

நலுங்கு அன்றைக்கு அவளை மணையில் உட்காரவைத்தோம். கூடம் நிறையப் பெண்கள். தலையில் எண்ணெய் வைத்து, என் மாவைப் பன்னீருக்குப் பதிலாகப் பாலில் குழைத்து நானே முதலில் பூசினேன், விரல் நுனியால், பட்டும் படாமலும். அவள் கண்ணால் சிரித்தாள். இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெரியத்தை வந்தார். அப்பாவின் அக்கா, எந்த விசேஷத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "என்னடி இது, தோச மாவு மாதிரி வெளுத்துக் கெடக்கு? மஞ்ச இல்லாம ஒரு நலுங்கா?" என்று இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொட்டிக் குழைத்தார். யாரோ சந்தனத்தையும் பன்னீரையும் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

"அத்த, போதும், கொஞ்சமாப் பூசுங்க" என்றேன். "அவளுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றேன். "நேரமாயிருச்சு" என்றேன். யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து இரண்டு கையாலும் அள்ளி அவள் கன்னத்தில் தேய்த்தார்கள். சிரித்துக்கொண்டே, பாசத்தோடு தேய்த்தார்கள். குலவை போட்டார்கள். அவள் விரல்கள் புடவையை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் இரண்டடி தூரத்தில் ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம், மயங்கி விழுந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நல்ல காரியத்தில் தட்டு விழக் கூடாது என்று கை தானாக இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அவளால் முடியவில்லை. "எரியுது" என்றாள், மெதுவாக. அப்புறம் சத்தமாக, "அம்மா, எரியுதும்மா!"

துடைத்துப் பார்த்தார்கள். முகம் ரத்தச் சிவப்பு. பெரியத்தை கிண்ணத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். தன் மஞ்சள் மேல் அவருக்குச் சந்தேகம் வருமா? என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, எந்த மிஷின்ல அரைச்ச? மொளகா அரைச்ச மிஷின்ல கொண்டுபோயிப் போட்டியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

"ஆமா அத்த" என்றேன். "முன்னாடி மொளகாதான் அரைச்சாக."

"படிச்ச புள்ள! ஆபீஸ்ல வேல பாக்குற புள்ள! குருண போட்டு ஓட்டணும்னு ஒரு அறிவு வேணாம்? கல்யாணப் பொண்ணு மூஞ்சிய இப்பிடிப் பண்ணி வச்சிருக்கியே!" என்று பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சித்தி மாவைத் தொட்டுத் தன் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆத்தி, லேசாச் சுருசுருங்குது" என்று சாட்சி சொன்னாள். குருணை போட்டது எனக்குத் தெரியும், மிஷின்காரருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. நான் வாசனை விஷயத்தில் எவ்வளவு பெரிய கர்வி என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு என் கர்வத்தை மொத்தக் கூடமும் மிதித்துக்கொண்டு போயிற்று. நின்று கேட்டுக்கொண்டேன்.

குளியலறையில் பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து அவள் முகத்தில் வைத்தேன். "உன்மேல பழி வந்துருச்சேக்கா" என்று அழுதாள். கண்ணீர் பட்டதும் அதுவும் எரிந்தது. "அழாதடி, எரியும்" என்று துணியை மறுபடி நனைத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். திறந்து வெளியே வந்தபோது ட்யூபின் வாசம் வந்தது. அந்த மருந்துக்கென்று தனியாக ஒரு வாசமும் கிடையாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு வந்தது.

சாயங்காலம் அவளுடைய பெட்டியை அடுக்கினேன். அம்மா பாதி அடுக்கி வைத்திருந்தாள். ஜாக்கெட்டுகளை எடுத்து ஒழுங்காக மடிக்கலாம் என்று கையை விட்டபோது அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் புது ட்யூப்கள். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய.

அவள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அடுப்படியில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தும் அதிர்ச்சி அடையவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

"நாந்தான் வாங்கி வச்சேன். எடுத்த எடத்துல வையி."

"அம்மா! நீதான சாக்கடையில தூக்கி வீசுன?"

"வீசினேன். அதுக்கப்புறம் அவ பட்டத நீயும்தான பாத்த." துடைத்த வெற்றிலையைத் தட்டில் அடுக்கினாள். "ஓசூர்ல ஆள் தெரியாத ஊர்ல எந்த மெடிக்கல்னு போயித் தேடுவா? தீந்துபோச்சுன்னா அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க யார்ட்ட போயி நிப்பா? நீயும் நானுமா கூட இருக்கப்போறோம்?"

அம்மாவைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் துடைத்து வைத்த வெற்றிலையையே மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையைக் கொண்டுபோய் ஜாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தேன். சீர்த்தட்டுக்கு வாங்கிய சந்தன சோப்பும் அத்தரும் மேலே இருந்தன. அவள் அவற்றைத் தொடப்போவதில்லை. ஆனால் பெட்டி மணத்தது.

மறுநாள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. மேக்கப் போட வந்த பெண் மூன்று பூச்சுப் பூசினாள். விளக்கு வெளிச்சத்தில் என் தங்கை ஜொலித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் வாய் ஓயாமல் சொன்னார்கள். நான் மட்டும் அவள் எப்போது கன்னத்தருகே கையைக் கொண்டுபோகிறாள், எப்போது தொடாமல் இறக்குகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் நினைவில்லை.

மத்தியானம் பெண்ணை அழைத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போக வேன் வந்து நின்றது. எல்லாரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கச்சி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பட்டுப் பாவாடை தாவணி, முகத்தில் கழுத்துக்குப் பொருந்தாத பவுடர், அது வேர்வையில் திட்டுத்திட்டாக இருந்தது.

"அக்கா, மதினிகிட்ட என்ன க்ரீம் போடுறீங்கன்னு கேட்டேன். க்ரீம்லாம் இல்ல, எங்க அக்கா அரைச்ச நலுங்கு மாவுதான்னு சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் தாரீங்களா?"

நான் வேன் பக்கம் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் தங்கை எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னாளா, தன்னைக் காப்பாற்றச் சொன்னாளா, தெரியவில்லை. மாவு டப்பா என் பையில்தான் இருந்தது. அத்தைமார் கையிலெடுக்காமல் மீந்துபோன, மஞ்சள் கலக்காத மாவு. "அந்தச் சனியன நீயே எடுத்துட்டுப் போயிரு" என்று பெரியத்தை சொன்னதால் ஆனையூருக்கு எடுத்துப் போவதற்காக வைத்திருந்தேன். டப்பாவோடு கொடுத்தேன்.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு வாசமா இருக்கு! எம்புட்டு நாள் போட்டா மதினி மாதிரி ஆவேன்க்கா?"

அவள் கன்னத்தைத் தொட்டேன். பவுடருக்குக் கீழே தடித்த, வழவழப்பான, ஒரு பருகூட இல்லாத கன்னம். என் விரல் அந்தக் கன்னத்தை முன்பே அறிந்திருந்தது. ஆகவே மாட்டாய் என்று சொன்னால், அப்புறம் மதினி மட்டும் எப்படி ஆனாள் என்று கேட்பாள். இத்தனை மாதம் என்று சொன்னால் அத்தனை மாதமும் எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணி முடித்ததும் ஏதாவது ஒரு மெடிக்கலில் போய் நிற்பாள். அங்கே ஒன்றும் கேட்க மாட்டார்கள். உன் நிறமே நல்ல நிறம் என்று சொல்லலாம். அதை என் தங்கையிடம் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன்.

"சொல்லுங்கக்கா, எம்புட்டு நாள்?"

வேன் ஹாரன் அடித்தது.

"வேன் கெளம்புது பாரு. போ தாயி" என்றேன்.